பிறவிச் சொட்டையில் ஒரு முடிச்சு, பிள்ளையின் தொடையில் ஒரு மச்சம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 32. தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை. இடது காதுக்கு மேலே, இரண்டு விரல் அகலத்தில், பிறந்ததிலிருந்தே முடி முளைக்காத ஒரு சொட்டை இருக்கிறது. சிறு வயதில் அது வெளிர் மஞ்சளாக, வழவழப்பாக இருந்தது. பெரியபிள்ளையான பிறகு தடித்து, பாகற்காய்த் தோல்போலச் சொரசொரப்பாகிவிட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் அம்மா அந்தப் பக்கத்து முடியை இழுத்துப் பின்னி மறைத்துவிடுவார். இன்றும் அவர் அப்படித்தான் தலை வாருகிறார். அங்கே ஒரு சொட்டை இருப்பது கலியாணமாகிச் சில மாதங்களுக்குப் பிறகுதான் கணவருக்கே தெரிந்ததாம்.

இப்போது மகனுக்கு எட்டு மாதம். பிள்ளை பிறந்த சில வாரங்களில் சொட்டையின் ஓரத்தில் கடுகளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. இன்று அது மிளகைவிடப் பெரியது, சற்று ஈரக்கசிவுடன் சிவந்திருக்கிறது. தலை வாரும்போது இரண்டு தடவை இரத்தம் வந்தது. காலையில் தலையணை உறையில் கறை தெரிகிறது. "கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட விரல் தானாக அங்கே போகிறது" என்று எழுதியிருக்கிறார்.

மகனின் வலது தொடையிலும் பிறவியிலேயே ஒரு கருமச்சம். பிறந்தபோது 3 சென்ரிமீற்றர், இப்போது 4 ஐத் தாண்டிவிட்டது. அதன்மேல் மெல்லிய முடி முளைத்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே பின்புறத்தில் நீல நிறத் திட்டுகளும் உண்டு.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. அழகு நிலையமொன்றில், லேசரால் அந்த முடிச்சை ஒரே நாளில் எரித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா எதையும் தொடவிட மாட்டார்: அவருடைய அண்ணனுக்குக் குதிகாலில் கரும்புள்ளி இருந்ததாம், வைத்தியசாலையில் வெட்டினார்களாம், ஒரு வருடத்தில் ஆள் போய்விட்டாராம். ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள், "பிறவி மச்சம் எல்லாம் புற்றுநோயாகும், இரண்டு பேருக்கும் உடனே வெட்டி எடுங்கள்" என்று தினமும் தொலைபேசியில் சொல்கிறார். மாமியோ, கிரகண நேரத்தில் மருமகள் கத்தி பிடித்துக் கறிக்கு வெட்டியதால்தான் பிள்ளைக்கு மச்சம் வந்தது என்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "என்னிடமிருந்துதான் என் பிள்ளைக்கு இது போனதா, டொக்டர்?"

அன்புச் சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றையெல்லாம் அது கனமாக்கிவிடுகிறது.

உங்களால் வந்ததல்ல

உங்கள் தலையிலிருப்பதும் மகனின் தொடையிலிருப்பதும் ஒரே பொருளல்ல. உங்கள் விவரிப்பின்படி உங்களுடையது எண்ணெய்ச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் ஒழுங்கற்று அமைந்த பிறவித் திட்டு. நீவஸ் செபேசியஸ் என்று நாங்கள் எழுதுவோம். 1895 இல் அதை விவரித்த ஜெர்மன் தோல் வைத்தியர் யடாசோனின் பெயரும் அதற்கு உண்டு. மகனுடையது நிறமி தயாரிக்கும் செல்கள் ஓரிடத்தில் குவிந்த பிறவி மச்சம். நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு, பிறக்கும்போதே இப்படி ஒரு மச்சம் இருக்கும்.

இரண்டும் பெற்றோரிடமிருந்து இறங்கி வருபவை அல்ல. கரு உருவான பிறகு, அதன் வளர்ச்சியின் தொடக்கத்தில், ஏதோ ஒரு செல்லின் மரபணுவில் தற்செயலாக ஓர் எழுத்துப் பிழை நேர்கிறது. அந்தச் செல்லிலிருந்து பெருகிய தோல் மட்டும் வேறுபட்டு நிற்கிறது. உடலின் மற்றச் செல்களில் அந்தப் பிழை இல்லை. உங்கள் வகைத் திட்டில் அது பெரும்பாலும் எச்ராஸ் என்ற மரபணுவில் நேர்கிறது என்பது 2012 இல் தெளிவானது. மகனுடைய வகையில் பெரும்பாலும் என்ராஸ் என்ற மரபணுவில். நீங்கள் உண்டதோ, நடந்ததோ, கிரகணத்தன்று கத்தி பிடித்ததோ இதில் எதுவும் செய்யவில்லை. மாமியோடு வாதாட வேண்டாம். ஆனால் உங்கள் மனதில் அந்தப் பழியை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். தாயின் தலையிலும் பிள்ளையின் தொடையிலும் அடையாளம் இருப்பது தற்செயல். அடுத்த பிள்ளைக்கும் வரும் என்று பயந்து கருத்தரிப்பதைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

உங்கள் தலையில் வந்த முடிச்சு

பெரியபிள்ளையானபோது சொட்டை தடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது இயல்பு. பருவமடையும்போது சுரக்கும் ஹோர்மோன்களால் அங்கிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் பருக்கும், மேற்பரப்பு மருப்போல ஆகும். அந்தத் தடிப்பு புற்றுநோயின் அறிகுறியல்ல. இத்தனை வருடம் அது பேசாமல் இருந்ததும் சரிதான்.

ஆனால் "பிறந்ததிலிருந்து இருப்பது ஒன்றும் செய்யாது" என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. சொட்டை பிறந்ததிலிருந்து இருக்கிறது. முடிச்சு ஏழெட்டு மாதமாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வயது கொடுக்காதீர்கள். இந்த வகைத் திட்டுக்குள் வயதுவந்த பிறகு புதிய கட்டிகள் முளைப்பதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில புற்றுநோய்.

மச்சாள் சொல்லும் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய பாடநூல்களில் இந்தத் திட்டுகளில் 10 முதல் 20 சதவீதம்வரை பேசல் செல் என்ற வகைத் தோல் புற்றுநோய் வரும் என்று எழுதியிருந்தார்கள். அதனால் உலகெங்கும் சிறு பிள்ளைகளுக்கே அவற்றை வெட்டி எடுத்தார்கள். பின்னர் பழைய கண்ணாடித் தகடுகளை மீண்டும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, புற்றுநோய் என்று எழுதப்பட்டவற்றில் பல, மயிர்க்காலிலிருந்து வளரும் ட்ரைக்கோபிளாஸ்டோமா என்ற தீங்கற்ற கட்டிகள் எனத் தெரிந்தது. இரண்டும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம். 2000 ஆம் ஆண்டில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கிலிருந்து வெளிவந்த 596 பேரின் ஆய்வில், பேசல் செல் புற்றுநோய் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. ட்ரைக்கோபிளாஸ்டோமாவும், சிரிங்கோசிஸ்டடெனோமா என்ற வியர்வைச் சுரப்பி வகைக் கட்டியும் தனித்தனியே 5 சதவீதம் அளவில் இருந்தன. இரண்டுமே தீங்கற்றவை. சிவந்து, ஈரமாகி, சட்டென்று இரத்தம் கசிவது சிரிங்கோசிஸ்டடெனோமாவின் வழக்கம். உங்கள் விவரிப்பு அதற்குத்தான் நெருக்கமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள். ஆனால் அந்த 1 சதவீதம் என்பது திட்டு இருக்கும் எல்லோரையும், சிறு பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. 32 வயதில், ஏழெட்டு மாதமாக வளர்ந்து, இரத்தம் கசியும் முடிச்சோடு நிற்பவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லி வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. கடிதத்தைப் படித்தோ, படத்தைப் பார்த்தோ, ஏன், நேரில் வெறும் கண்ணால் பார்த்தோகூட இது இன்னது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. திசுவை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்.

புற்றுநோயாகவே இருந்தாலும், பேசல் செல் வகை மெதுவாக வளர்வது, உடலின் வேறிடங்களுக்குப் பரவுவது மிக அரிது. முழுமையாக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்தது. விட்டுவைத்தால் அந்த இடத்திலேயே ஆழமாகத் தின்றுகொண்டு போகும். தலையில் அப்படிப் போக விடக்கூடாது.

லேசர் ஏன் கூடாது

என் கடிதத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: என்னவென்று தெரியாத முடிச்சை எரிக்க விடாதீர்கள். லேசரோ, மின்சூடோ, அமிலமோ, சுண்ணாம்போ, எதுவாக இருந்தாலும் சரி.

எரித்துவிட்டால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பத் துண்டு மிஞ்சாது. மேலே தெரிந்தது மறையும், ஆழத்தில் இருப்பது இருக்கும். அதன்மேல் புதுத் தோல் மூடி வடுவாகிவிடும். கீழே வளர்வது மறுபடி வெளியே தெரிவதற்கு வருடங்கள் ஆகலாம். நீங்களோ அது போய்விட்டது என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். பிறகு திசு எடுத்தாலும் வடுவும் மிச்சச் செல்களும் கலந்து அறிக்கை எழுதுபவரைத் தடுமாற வைக்கும். முடிச்சு கண்ணுக்குத் தெரிவது இப்போது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. அதைக் காசு கொடுத்து இழக்க வேண்டாம்.

அழகு நிலையங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மருவுக்கும் முடிக்கும் பயிற்சி பெற்றவர்களாக இருக்கலாம். ஆனால் தோலில் எதையாவது அகற்ற முன்வரும் எவரிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற வைத்தியரா? எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"கத்தி பட்டால் பரவும்"

உங்கள் அம்மாவின் பயத்தை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். அவர் தன் அண்ணனைப் பறிகொடுத்தவர். ஆனால் அந்தக் கதையின் வரிசையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மாமாவின் குதிகாலில் கரும்புள்ளி "பல வருடமாக" இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முள் குத்திய இடம் என்று நினைத்து எண்ணெய் போட்டு வந்தார். புண்ணாகி, நடக்க முடியாமல் போனபோதுதான் வைத்தியசாலைக்குப் போனார். நீங்கள் தரும் விவரங்கள் மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோயோடு பொருந்துகின்றன. அப்படியானால், கத்தி பட்ட நாளிலேயே அது உள்ளே பரவியிருந்திருக்கும். வெட்டியதால் பரவவில்லை, பரவிய பிறகு வெட்டினார்கள். மெலனோமாவில்கூடத் திசு எடுப்பது நோயைப் பரப்புவதில்லை, ஆயுளைக் குறைப்பதுமில்லை. ஆயுளைத் தீர்மானிப்பது, எடுக்கும்போது அது எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதுதான்.

இதில் நம் எல்லோருக்கும் ஒரு சேதி இருக்கிறது. கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. வெள்ளையர்களைவிட நமக்கு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நமக்கு மெலனோமா வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் கீழ் என்று வெயிலே படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. அங்கே யாரும் பார்ப்பதில்லை. பாடகர் பொப் மார்லி 1981 இல் தமது 36 ஆவது வயதில் இறந்தது, கால்விரல் நகத்தின் கீழ் தொடங்கிய மெலனோமாவால். வைத்தியரிடம் போகும்போது மாமாவின் கதையையும் சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு ஆபத்து கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். உங்கள் சொட்டை வேறு வகை. அப்படியே வீட்டில் எல்லோருடைய உள்ளங்கால்களையும் ஒரு தடவை பாருங்கள், அம்மாவுடையது உட்பட.

உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

முதல் வழி, முடிச்சில் மட்டும் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. விறைப்பு ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஒன்றிரண்டு தையல். இரண்டாவது, முடிச்சோடு சேர்த்துச் சொட்டை முழுவதையும் தோலின் முழு ஆழத்துக்கு வெட்டி எடுப்பது. அப்படிச் செய்தால் பரிசோதனையும் சிகிச்சையும் ஒன்றாக முடியும், எதிர்காலத்தில் அங்கே இன்னொரு கட்டி முளைக்க இடமிருக்காது. இரண்டு விரல் அகலமுள்ள திட்டைப் பெரும்பாலும் விறைப்பு ஊசியோடு ஒரே தடவையில் எடுக்கலாம். தலைத்தோல் இறுக்கமாக இருந்தால் இரண்டு கட்டமாக எடுப்பார்கள். மேலே சீவி எடுப்பது போதாது, இதன் வேர் ஆழத்தில் இருக்கிறது.

உங்கள் வயதையும் முடிச்சையும் வைத்துப் பார்த்தால் என் மனம் இரண்டாவது வழிக்கே சாய்கிறது. இதே சொட்டை எந்த மாற்றமுமில்லாமல் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்திருந்தால், இப்போது கத்தி வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொல்லியிருப்பேன். முடிவை உங்களை நேரில் பரிசோதிக்கும் நிபுணரோடு பேசி எடுங்கள். சொட்டையை எடுத்தால் அது இருந்த இடத்தில் முடியில்லாத ஒரு மெல்லிய கோடு மிஞ்சும். தலைத்தோலுக்கு இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் வெட்டும்போது சற்றுக் கூடுதலாக இரத்தம் வரும், அதே காரணத்தால் ஆறுவதும் சீக்கிரம்.

பால் கொடுக்கிறீர்கள் என்பதால் ஊசிக்குப் பயப்படுகிறீர்கள். விறைப்பதற்குப் போடும் லிக்னொகேய்ன் தாய்ப்பாலுக்கு மிகச் சிறிதளவே போகும், பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. பாலை நிறுத்தவோ பீய்ச்சி ஊற்றவோ வேண்டியதில்லை. பால்குடி மறக்கும்வரை காத்திருக்கலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள்.

மகனின் மச்சம்

முதலில் நீலத் திட்டுகள். நம் பிள்ளைகளில் மிகச் சாதாரணம். சில வருடங்களில் தானாக மங்கிவிடும், புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. அவ்வளவுதான்.

தொடை மச்சத்துக்கு வருவோம். இந்த வகை மச்சத்தில் ஆபத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் அளவுக்கு. பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை வைத்து வகுக்கிறோம்: 1.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் சிறியது, 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. காலில் இருக்கும் மச்சம் பிறப்பிலிருந்து வயதுவரும்வரை ஏறத்தாழ மூன்று மடங்கு பெருக்கும், கால் நீள்வதற்கேற்ப. ஆகவே உங்கள் மகனுடையது 10 சென்ரிமீற்றர் அளவில் நிற்கலாம். நடுத்தரம். 3 இலிருந்து 4 ஆனதைப் பார்த்துப் பதறினீர்கள் அல்லவா? மச்சம் தனியாக வளரவில்லை, பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. முடி முளைப்பதும், சற்றுத் தடிப்பதும், நிறம் கூடிக் குறைவதும் இந்த மச்சங்களின் சுபாவம். முடி தொந்தரவாக இருந்தால் கத்தரிக்கலாம், அதனால் எதுவும் மாறாது.

சிறிய, நடுத்தர மச்சங்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்தே மெலனோமா வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்குக் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் பருவமடைந்த பிறகுதான். ஆகவே எட்டு மாதப் பிள்ளையை முழு மயக்கத்தில் படுக்க வைத்து அவசரமாக வெட்ட வேண்டிய காரணம் எதுவுமில்லை. மச்சாளின் அக்கறை உண்மையானது, அவர் வாசித்ததும் பொய்யல்ல, ஆனால் அது வேறு வகை மச்சங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். முதுகு முழுவதையும் அல்லது இடுப்பைச் சுற்றி மூடும் மிகப் பெரிய மச்சங்களில் ஆபத்து பல மடங்கு, பொதுவாக 2 முதல் 5 சதவீதம் என்பார்கள். 40 சென்ரிமீற்றரைத் தாண்டி, உடலெங்கும் சிறு மச்சங்களும் தெளித்திருந்தால் அதற்கும் மேல். அப்படி மெலனோமா வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது முதல் ஐந்து வருடங்களுக்குள்ளேயே வருகிறது. சில வேளை தோலில் மட்டுமல்லாமல் மூளையைச் சுற்றியும் நிறமிச் செல்கள் படிந்திருக்கும். அதனால்தான் தோலை எவ்வளவு வெட்டினாலும் ஆபத்து முழுவதும் நீங்குவதில்லை. இதை வாசிக்கும் வேறு பெற்றோரின் பிள்ளைக்கு அப்படியொரு மச்சமோ, பிறவியிலேயே பல மச்சங்களோ இருந்தால் தாமதிக்காமல் சிறுவர் நிபுணரிடம் போங்கள். மூளையை எம்.ஆர்.ஐ. செய்து பார்ப்பது முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் தெளிவாகத் தெரியும்.

உங்கள் மகனை ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் உச்சி முதல் உள்ளங்கால்வரை பாருங்கள். தலைமுடிக்குள்ளும், விரலிடுக்குகளிலும், கவட்டிலும். வேறு கருமச்சம் எதுவுமில்லை என்றால் எம்.ஆர்.ஐ. போன்றவை அவனுக்குத் தேவையில்லை. இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் கண்காணிப்பது எப்படி என்று சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், மச்சத்துக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். நீள அகலத்தைப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் திகதியோடு எழுதுங்கள். கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. எண்ணெய் பூசிக் குளிப்பாட்டும்போது மச்சத்தின்மேல் விரலை மெதுவாக அழுத்தி ஓட்டுங்கள். இந்த மச்சங்களில் கட்டி சில வேளை மேலே எதுவும் காட்டாமல் ஆழத்தில் உருண்டையாகத்தான் தொடங்கும், அதை முதலில் அறிவது தாயின் விரல். உருண்டை தட்டுப்பட்டாலோ, ஒரு மூலை மட்டும் வேகமாகக் கறுத்தாலோ வெளுத்தாலோ, அடிபடாமல் இரத்தமோ புண்ணோ வந்தாலோ, கவட்டில் நெறி கட்டினாலோ அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். அப்போதும் பதற வேண்டாம். குழந்தைகளின் மச்சத்தில் வரும் உருண்டைகளில் தீங்கற்றவையே அதிகம், அவற்றுக்கும் விடை திசுப் பரிசோதனைதான்.

பின்னாளில் எடுப்பதா என்பது அழகு, வசதி, வடு ஆகியவற்றைச் சார்ந்த கேள்வி. வளரும் பிள்ளையின் தொடையில் தையல் போட்டால் வடு அகன்றுவிடும் என்பதையும் யோசியுங்கள். அவன் வளர்ந்து, விறைப்பு ஊசியைத் தாங்கும் வயதில், தனக்கு வேண்டுமா என்று தானே சொல்லட்டும். பெரும்பாலான பிள்ளைகள் தொடை மச்சத்தை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. வீட்டில் அதை மறைத்து மறைத்து வளர்த்தால்தான் அது அவர்களுக்குப் பாரமாகிறது. பின்னிய கூந்தலுக்குள் ஒன்றை முப்பது வருடம் ஒளித்து வைத்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கே போவது

வெள்ளவத்தையிலிருந்து உங்களுக்குக் கிட்ட இருப்பது களுபோவில போதனா வைத்தியசாலை. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக்கும் போகலாம். பிள்ளையைப் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சையும் திசுப் பரிசோதனையும் இலவசம். வெளிநோயாளர் பிரிவில் முதலில் பதிந்து, "பிறவித் திட்டில் புதிய கட்டி, இரத்தம் கசிகிறது" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். "தலையில் ஒரு மரு" என்று கூச்சத்தில் குறைத்துச் சொன்னால் உங்களைப் பின்வரிசையில் வைத்துவிடுவார்கள். தனியார் வைத்தியசாலையில் நிபுணரைச் சனல் செய்து பார்த்துவிட்டு, அவருடைய கடிதத்தோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போவோரும் பலர்.

சிங்களம் சரளமாக வராது என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வைக்குமுன், என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று உங்களுக்கு விளங்கும் மொழியில் கேட்டு அறிய உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ பெரும்பாலும் பக்கத்து அறையிலேயே இருப்பார், கேட்டால் அழைத்து வருவார்கள்.

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் வரிகளில் தெரிகிறது. முதல் படி அது அல்ல. திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்து, மேலதிக சிகிச்சையும் தேவைப்பட்டால்தான் அந்தப் பேச்சு வரும். பேசல் செல் வகையென்றால் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது.

அறிக்கை வந்ததும்

எடுத்த துண்டு போர்மலின் போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போகும். போத்தலில் உங்கள் பெயரும் எடுத்த இடமும் எழுதியிருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. அறிக்கை வர நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். வந்ததும் அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ட்ரைக்கோபிளாஸ்டோமா அல்லது சிரிங்கோசிஸ்டடெனோமா என்று இருந்தால் அது தீங்கற்றது. பேசல் செல் கார்சினோமா என்றிருந்தால் அடுத்த வரியைத் தேடுங்கள்: வெட்டிய ஓரங்களில் நோய்ச் செல் இல்லை என்று இருந்தால் அதன் பிறகு வேண்டியது ஒழுங்கான மறுபரிசோதனை மட்டுமே. ஓரத்தைத் தொட்டிருக்கிறது என்று இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். ஸ்குவாமஸ் செல் போன்ற வேறு புற்றுநோயின் பெயர் வருவது அரிது. வந்தால் கழுத்து நெறிகளையும் பார்த்து, சிகிச்சையைச் சற்று விரிவாகத் திட்டமிடுவார்கள். முடிச்சை மட்டும் எடுத்திருந்தால், மிச்சச் சொட்டையை என்ன செய்வது என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

அதுவரை முடிச்சின்மேல் எதையும் பூச வேண்டாம், சாயமும் முடி நேராக்கும் மருந்தும் வேண்டாம். அகன்ற பல் சீப்பால் அந்த இடத்தைத் தவிர்த்து வாருங்கள். வெயிலில் காலி வீதிக்கு இறங்கும்போது குடை பிடியுங்கள், முடியில்லாத தோல் அது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டாலோ, முடிச்சு சில வாரங்களில் இரட்டிப்பானாலோ, காதுக்குப் பின்னால் அல்லது கழுத்தில் நெறி தட்டுப்பட்டாலோ, கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே திகதி எடுத்துவிடுங்கள்.